வால்பாறைக் களநிலையத்தின் மனிதர்கள்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவரும்போது அதன் தலைப்பின் கீழே மூன்று அல்லது நான்கு பெயர்களும், ஒரு பெருநகரத்து முகவரியும் அச்சாகியிருக்கும். கட்டுரையில் உள்ள எண்கள் உருவான இடமோ அந்த முகவரியிலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஒரு மலையூர். அங்கே ஓர் எளிய கட்டடத்தில் இயங்கும் களநிலையம். அதில் வேலை செய்யும் சிலர். அவர்களில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்து, நூற்றுக்கணக்கான மர இனங்களை நாற்றுப் பருவத்திலேயே பெயர் சொல்லக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. இந்த மனிதர்கள் என்ன வேலை செய்கிறார்கள், அந்த வேலை எந்த ஏற்பாட்டின் மீது நிற்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு களநிலையத்தின் அறிவு அங்குள்ளவர்கள் எத்தனை ஆண்டுகள் அங்கேயே தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது என்றும், நமது நிதி ஏற்பாடுகளோ அந்தத் தங்கியிருத்தலைச் சில்லறைச் செலவாகவே நடத்துகின்றன என்றும் நான் கருதுகிறேன். இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக வால்பாறையை எடுத்துக்கொள்ளலாம்.

பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர் தொலைவில், 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உள்ள வால்பாறைப் பீடபூமியின் பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890களில் இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போடும் வேலை தொடங்கியது. அதன்பின் சில பத்தாண்டுகளில் பீடபூமியின் பெரும்பகுதி தேயிலையாகவும் காப்பியாகவும் மாறியது. செங்குத்தான சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும், தோட்ட நிர்வாகங்கள் விறகுக்காகவோ ஏலக்காய்க்காகவோ விட்டுவைத்த இடங்களிலும் மழைக்காடு துண்டு துண்டாக எஞ்சியது. பீடபூமியைச் சுற்றிலும் 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஆனைமலைக் காடும், கேரளத்தின் பரம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குச் செல்லும் யானையும் காட்டு மாடும் செந்நாயும் இந்தத் தோட்டங்களின் வழியாகத்தான் போயாக வேண்டும். சிங்கவால் குரங்கு, இருவாச்சி போன்றவை சில துண்டுக் காடுகளில் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. ஆகவே இங்கே காட்டைப் படிக்க வந்தவர்கள் தோட்டத்தையும் தோட்டத்து மக்களையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது.

1996இல் மைசூரில் தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு வால்பாறையில் தனது களநிலையத்தை நடத்துகிறது. களக்காடு முண்டந்துறையில் பழுப்பு மரநாயைப் பற்றி ஆய்வு செய்த திவ்யா முத்தப்பாவும், மழைக்காட்டுப் பறவைகளை ஆராய்ந்த டி. ஆர். சங்கர் ராமனும் 2000ஆம் ஆண்டை ஒட்டி இங்கே சிதைந்த துண்டுக் காடுகளை மீட்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஆய்வேட்டுக்குத் தேவையான தரவுகளைச் சேகரித்துக்கொண்டு ஊர் திரும்புவதே ஆராய்ச்சியாளர்களின் வழக்கமாக இருக்க, இவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையை இங்கேயே தொடர்ந்தார்கள். மீட்க வேண்டிய நிலம் இவர்களுக்குச் சொந்தமானதன்று. பெரும்பாலும் வனத்துறைக்குச் சொந்தமானதுமன்று. அது தோட்ட நிறுவனங்களின் கையில் இருந்தது. அதனால் ஒவ்வொரு துண்டுக் காட்டுக்கும் அந்தந்த நிறுவனத்தோடு பேசி உடன்பாடு காண வேண்டியிருந்தது. எஸ்டேட் மேலாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். புதியவர் வரும்போது, ஏன் இந்த இடத்தில் விறகு வெட்டக் கூடாது, ஏன் இங்கே தைல மரம் நடாமல் இருப்பது நல்லது என்று முதலிலிருந்து விளக்க வேண்டும். இந்தப் பேச்சுகள் எந்த ஆய்வு முறையியலிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் களநிலைய ஆராய்ச்சியாளரின் நேரத்தில் கணிசமான பங்கை இவைதான் எடுத்துக்கொள்கின்றன.

காட்டை மீட்பது நாற்றங்காலில் தொடங்குகிறது. இந்த வேலையின் நுட்பம் அதைச் செய்பவர்களுக்கு வெளியே அதிகம் தெரிவதில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் ஈரம் மிகுந்தவை. உலர்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். சில வாரங்களுக்கு மேல் அவற்றைச் சேமித்து வைக்க இயலாது. வெடிப்பலா, நாங்கு, காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் என ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு மாதத்தில் காய்க்கிறது. சில மரங்கள் ஓராண்டு கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த ஆண்டு பெயருக்குக் காய்க்கின்றன. எனவே எந்தச் சாலை வளைவில் நிற்கும் எந்த மரம் இந்த வாரம் விதை உதிர்க்கிறது என்பதை அறிந்த ஒருவர் நாற்றங்காலுக்கு வேண்டும். காட்டுக்குள் விழும் விதை காட்டுக்கே உரியது என்பதால், தார்ச் சாலையிலும் சாலை ஓரத்திலும் விழுந்து வாகனச் சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளைத்தான் இங்கே பெரும்பாலும் பொறுக்குகிறார்கள். இருவாச்சியும் மரநாயும் தின்று எச்சத்தோடு வெளியேற்றிய விதைகளும் அவற்றில் சேரும். பூச்சி துளைத்தவற்றை ஒதுக்கிவிட்டு, மீதியை உடனே விதைத்து, முளைத்ததும் மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பைக்கு மாற்றி, நிழல்வலைக்குக் கீழே ஓராண்டோ இரண்டாண்டோ வளர்க்கிறார்கள். நாற்று பையில் அளவுக்கு மீறி இருந்துவிட்டால் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். அப்படிச் சுருண்ட நாற்றை நட்டால் சில ஆண்டுகள் நன்றாக நின்றுவிட்டுப் பிறகு காற்றுக்குச் சாயலாம். எந்த இனத்தை எப்போது பை மாற்ற வேண்டும் என்பது அனுபவத்தில் வரும் கணக்கு. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை வளர்க்கும் நாற்றங்காலில் அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன.

தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு நடவு தொடங்கும். நடுவதற்கு முன்பு அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியை வெட்ட வேண்டும். ஒரு கூலியாளிடம் அரிவாளைக் கொடுத்து, இந்தப் புதரை அப்புறப்படுத்துங்கள் என்று சொன்னால் அவர் அரை நாளில் தரையைச் சுத்தமாக்கித் தந்துவிடுவார். ஆனால் புதருக்கு அடியில் தானாக முளைத்து நான்கு இலையோடு நின்றிருந்த காட்டு மரக் கன்றுகளும் அதோடு போய்விடும். நட்ட நாற்றைவிட அந்தக் கன்று மதிப்பு மிக்கது, ஏனென்றால் அந்த இடம் தனக்கு ஒத்துவரும் என்பதை அது ஏற்கெனவே நிரூபித்துவிட்டது. ஆகையால் அரிவாள் பிடிப்பவருக்குத் தாவர அறிவு வேண்டும்: நான்கு இலையைப் பார்த்து இது நாங்கு, இது காப்பி, இது வைத்துக்கொள்ள வேண்டியது, இது பிடுங்க வேண்டியது என்று குனிந்த நிலையிலேயே முடிவு செய்யத் தெரிய வேண்டும். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவர்கள் பூவையும் காயையும் வைத்து இனம் கண்டறியப் பழகியவர்கள். நாற்றுப் பருவத்து அடையாளம் அந்தக் கல்வியில் அதிகம் வருவதில்லை. இந்த இடத்தில் ஆராய்ச்சியாளர் களப்பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். நட்ட பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு உண்ணிச்செடி திரும்ப வராமல் களையெடுக்க வேண்டும். நாற்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ண வேண்டும். பிழைக்காதவற்றுக்குக் காரணம் மாடு மிதித்ததா, வெயிலா, இடம் பொருந்தாததா என்று குறித்து வைக்க வேண்டும்.

இந்த உழைப்பின் பயனை அளந்து சொன்ன ஆய்வு 2019இல் வெளியானது. நடவு செய்து 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடங்களையும், ஒன்றும் செய்யாமல் இயற்கையாக மீளட்டும் என்று விடப்பட்ட இடங்களையும், அதிகம் சிதையாத காட்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், நடவு செய்த இடங்களில் மரங்களில் சேர்ந்திருந்த கரிமத்தின் அளவு, விடப்பட்ட இடங்களில் இருந்ததைவிட 47 சதவீதம் கூடுதலாக இருந்தது. மர இனங்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. முதிர்ந்த காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. இப்படியொரு முடிவைச் சொல்ல மரங்களின் சுற்றளவை ஒரே முறையில் அளக்க வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும் என்பது விதி. சரிவில் நிற்கும் மரத்துக்கு எந்தப் பக்கத்துத் தரையிலிருந்து அளப்பது, பலகை வேர் உள்ள மரத்தில் எவ்வளவு மேலே போய் அளப்பது, தண்டைத் தழுவிய கொடிக்கு அடியில் நாடாவை எப்படி நுழைப்பது என்ற கேள்விகள் ஒவ்வொரு மரத்திலும் எழும். நாடா சற்றுச் சாய்ந்தாலும் சுற்றளவு கூடிவிடும். அடுத்த முறை சரியாக அளக்கும்போது மரம் மெலிந்துவிட்டதைப் போல ஏட்டில் தெரியும். முதல் முறை அளந்தவரே அடுத்த முறையும் அளந்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறைகிறது. நான் முன்னே சொன்ன தங்கியிருத்தலின் மதிப்பு, தரவின் துல்லியத்தில் நேரடியாகத் தெரியும் இடம் இது.

வால்பாறையின் பெயர் வெளியுலகுக்கு அதிகம் தெரிந்தது யானைப் பணியால்தான். ஆண்டுதோறும் நூறு யானைகள் வரை இந்தப் பீடபூமியைப் பயன்படுத்துகின்றன. அதே பீடபூமியில் எழுபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். யானை தேயிலையைத் தின்பதில்லை. ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் உள்ள அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றைத் தேடித்தான் கட்டடங்களை இடிக்கிறது. 2002 முதல் யானைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்த, இதே அமைப்பைச் சேர்ந்த எம். ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் உயிரிழப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்தபோது ஒன்று தெளிவாகியது: இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த இடத்தில் யானை நிற்பதை அறியாமல் சென்றவர்கள். மாலை நேரத்தில் பேருந்திலிருந்து இறங்கித் தேயிலைச் செடிகளுக்கு இடையே தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டுக்கு நடந்தவர்களும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். யானை எங்கே இருக்கிறது என்ற செய்தியை உரிய நேரத்தில் கொண்டு சேர்த்தால் பல உயிர்களைக் காப்பாற்றலாம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் திரையின் அடியில் ஓடும் எழுத்தாகவும், 2011 முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் இந்தச் செய்தி வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. சாலைச் சந்திப்புகளிலும் மேட்டு நிலங்களிலும் கைப்பேசியால் இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. அருகில் யானை இருந்தால் விளக்கு எரியும். 1990களின் நடுவிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக மூன்று என்றிருந்த உயிரிழப்பு, பின்னர் ஏறத்தாழ ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. 2015இல் ஆனந்த குமாருக்கு, வனவுயிர்ப் பாதுகாப்புப் பணிக்காக வழங்கப்படும் விட்லி விருது கிடைத்தது.

செய்தி அனுப்பும் தொழில்நுட்பம் எளியது. அனுப்ப வேண்டிய செய்தியை நாள்தோறும் திரட்டுவதுதான் கடினம். காலையில் களப்பணியாளர்கள் இருசக்கர வாகனத்தில் கிளம்பி, முந்தைய இரவு யானை இருந்ததாகத் தெரிந்த இடத்துக்குப் போகிறார்கள். லத்தியின், அதாவது யானைச் சாணத்தின், மேற்பரப்பு மினுங்குகிறதா, உலர்ந்துவிட்டதா, உள்ளே சூடு இருக்கிறதா, வண்டுகள் வந்துவிட்டனவா என்று பார்த்தால் அது போட்டு எத்தனை மணி நேரமாகியிருக்கும் என்று சொல்லிவிடலாம். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். அதிலிருந்து கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, நடப்பது தனியாண் யானையா என்பது விளங்கும். பகலில் யானைகள் பெரும்பாலும் நடு ஆறு, சோலையாறு கரைகளை ஒட்டிய மரச் செறிவிலும் துண்டுக் காடுகளிலும் ஒதுங்கி நிற்கும். இருட்டிய பிறகே தேயிலைக்குள் நடக்கும். இன்று மாலை இந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நகரக்கூடும் என்று ஊகிக்க, அந்தக் கூட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்த நினைவு வேண்டும். செய்தியில் வரும் இடப்பெயர்களும் முக்கியம். பன்னிமேடு, நல்லமுடி, புதுத்தோட்டம், அக்காமலை என்று எஸ்டேட் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது; எஸ்டேட்டின் எந்த டிவிஷன், எந்தத் தேயிலைக் காடு, எந்தக் கோவிலுக்குப் பக்கம் என்று கொழுந்து பறிப்பவர்கள் பேசிக்கொள்ளும் பெயரில் சொன்னால்தான் அது பயன்படும். வெளியூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளரிடம் அந்தப் பெயர்கள் இருக்காது. அங்கேயே பிறந்தவரிடம் இருக்கும்.

நாள் தவறாமல் செய்தி சரியாக வருவதால்தான் மக்கள் அதை நம்புகிறார்கள். யானை இல்லாத இடத்தில் இருப்பதாக ஒரு முறை செய்தி போனால்கூட, அடுத்த முறை உண்மையான செய்தியை யாரும் பொருட்படுத்தாமல் போகக்கூடும். இந்தப் பொறுப்பைச் சுமப்பவர் ஊர்க்காரராக இருப்பதில் வேறொரு விளைவும் இருக்கிறது: ஒரு வீட்டுச் சுவரை யானை இடித்துவிட்டால், மறுநாள் டீக்கடையில் அவரைத்தான் கேள்வி கேட்பார்கள். யானைமீது உள்ள கோபம் யானையைப் பற்றிச் சொல்பவர்மீது திரும்பும். அவர் பதில் சொல்ல வேண்டும். அடுத்த நாளும் அதே கடைக்குப் போக வேண்டும். காலப்போக்கில் விளக்குகளைப் பல இடங்களில் ஊர்மக்களே இயக்கத் தொடங்கியதற்கும், யானையைக் கண்டவுடன் அவர்களே அழைத்துச் சொல்லத் தொடங்கியதற்கும் இந்த டீக்கடைப் பேச்சுகளே பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

சிறுத்தையின் உணவைப் பற்றி இந்தக் களநிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். வால்பாறையில் குழந்தைகள் சிறுத்தையால் தாக்கப்பட்ட துயரங்களுக்குப் பிறகு, சிறுத்தைகள் தோட்டத்து நாய்களையும் ஆடு மாடுகளையும் நம்பியே வாழ்கின்றன என்ற எண்ணம் பரவியிருந்தது. எச்சங்களைச் சேகரித்து, கழுவி, உலர்த்தி, அதிலுள்ள மயிர்களை உருப்பெருக்கியில் பார்த்தபோது, உணவில் மிகப் பெரும்பங்கு கேளையாடு, சருகுமான், கடமான், முள்ளம்பன்றி போன்ற காட்டு விலங்குகளே என்று தெரிந்தது. எச்சத்தைக் கழுவும் வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. சிறுத்தைகளைப் பிடித்து வேறிடத்தில் விட வேண்டும் என்ற கோரிக்கையை மறுபரிசீலனை செய்வதற்கான அடிப்படையைத் தந்தது அந்த வேலைதான்.

வால்பாறைக்குத் தெற்கே, அகத்தியமலை அடிவாரத்தில் மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் வேறொரு வகை. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனத்தின் களமையம் இது. 2011 முதல் இந்த மையம் முன்னின்று நடத்தும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பில், ஜனவரி மாதத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் பிற ஆர்வலர்களும் குழுக்களாகப் பிரிந்து திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிக் குளங்களுக்குச் சென்று பறவைகளை எண்ணுகிறார்கள். இத்தகைய மையத்தில் வேலை செய்பவர்களின் திறமை, எண்ணத் தெரியாதவர்களை எண்ண வைப்பதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் மிதக்கும் வாத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஐம்பதோ நூறோ எண்ணி அந்த அளவை மனத்தில் பிடித்துக்கொண்டு கூட்டத்தை அதே அளவுக் கட்டங்களாகப் பிரித்து மதிப்பிட வேண்டும். கலைந்து பறந்த கூட்டம் எந்தத் திசையில் போனது என்று குறிக்காவிட்டால் அடுத்த குளத்தில் அதே பறவைகள் மறுபடியும் கணக்கில் ஏறும். இதைக் கற்பித்து, அன்று மாலையே தாள்களைத் திரும்பப் பெற்று, சந்தேகமான எண்களை அன்றைக்கே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போட்டால் எண்ணியவருக்கே நினைவு மங்கிவிடும்.

இந்த மனிதர்களுக்கு உரிய பெயர் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு வருவோம். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே பகுதியில் உயிரியலாளர்களான டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1980களின் இறுதியிலிருந்து விவசாயக் கூலிகள், இல்லத்தரசிகள் உள்ளிட்ட கிராமத்தினருக்குப் பயிற்சி அளித்து, பூச்சிகளைச் சேகரித்து வகைப்படுத்தும் முழுநேரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். கம்பளிப்புழுக்களை அவை தின்னும் செடியோடு எடுத்து வந்து, அந்துப்பூச்சியாகவோ ஒட்டுண்ணிக் குளவியாகவோ வெளிவரும்வரை வளர்த்துப் பதிவு செய்வது அவர்கள் வேலை. 2014இல் அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட புதிய குளவி இனங்கள் விவரிக்கப்பட்டபோது, அவற்றில் பலவற்றுக்கு அந்தக் கிராமத்துப் பணியாளர்களின் பெயர்களே சூட்டப்பட்டன. இந்தியாவில் களப்பணியாளரின் பெயர் இணையாசிரியராக இடம்பெறும் கட்டுரைகள் இப்போது சில வருகின்றன. ஆனாலும் பெரும்பாலும் இறுதிப் பத்தியில் நன்றி கூறும் இடத்தில்தான் அவர் பெயர் நிற்கிறது. ஒரு நாற்றின் இனத்தை உறுதி செய்தவர், யானையின் நகர்வை ஊகித்தவர், பல ஆண்டுகள் அளந்தவர் ஆகியோரின் பங்கு அறிவுப் பங்கு. அதை உடலுழைப்பு என்று மட்டும் கணக்கிடுவது உண்மைக்கு மாறானது.

பெயரைவிடச் சம்பளம் அவசரமான கேள்வி. அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்கள் வழக்கமாக மூன்றாண்டுகளுக்கு அனுமதிக்கப்படுகின்றன. களப்பணியாளரின் வேலையும் அத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2020இல் வெளியிட்ட நெறிமுறையில் களப்பணியாளர் என்ற இடத்துக்கு மாதம் 18,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் என வரையறுக்கப்பட்டது. அதற்கான கல்வித் தகுதி ஒரு பட்டப்படிப்பு. நான்கு இலையில் நாங்கு மரத்தை அடையாளம் காணும் திறமை அந்தத் தகுதிப் பட்டியலில் எங்கும் இடம்பெறாது. இதன் விளைவாக, காட்டை நன்கு அறிந்தவர் தினக்கூலி என்ற கணக்கில் போகிறார். பட்டம் பெற்றவர் அடுத்த நல்ல வேலை கிடைக்கும்வரை தங்குகிறார். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய நடவின் பயனை அளந்து 2019இல் சொல்ல முடிந்தது என்றால், அந்தக் காலம் மூன்றாண்டுத் திட்டங்கள் ஆறு அடுக்கியது. ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலும் ஆட்கள் கலைந்து போயிருந்தால், நாற்றங்காலின் கணக்குகளும் அளவு நாடாவின் பழக்கமும் கலைந்து போயிருக்கும். அவர்களைக் கலையாமல் வைத்திருக்க, களநிலையத்தை நடத்துபவர்கள் நன்கொடையாளர்களையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் நாடி, ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள இடைவெளியை நிரப்புகிறார்கள். மூத்த ஆராய்ச்சியாளரின் நாட்களில் பல இந்த விண்ணப்பங்களை எழுதுவதிலேயே போகின்றன.

காத்திருப்பும் இந்த வேலையின் ஒரு பகுதி. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, சரணாலயத்துக்குள் ஆய்வு செய்யத் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். விதை உதிரும் மாதமும் பறவை கூடு கட்டும் மாதமும் கோப்பு நகர்வதற்காகக் காத்திருப்பதில்லை. ஒரு பருவம் தவறினால் ஓராண்டு தவறியது. பாம்பும் உண்ணியும், மழைக்காலத்தில் சாலையில் சரியும் மண்ணும் எல்லாருக்கும் பொதுவான ஆபத்துகள். ஆராய்ச்சி மாணவருக்குப் பல்கலைக்கழகம் வழியாகக் காப்பீடு இருக்க வாய்ப்புண்டு. தினக்கூலிக்கு அழைத்துச் செல்லப்படும் உதவியாளருக்குப் பல இடங்களில் அது இருப்பதில்லை. நாற்றங்கால்களில் பெண்களும் யானைத் தடம் பார்ப்பதில் ஆண்களும் என்ற பிரிவினை பெரும்பாலும் தொடர்கிறது. நிலையத்தில் சமைப்பவரும் ஜீப்பை ஓட்டுபவரும் எந்த அறிக்கையிலும் வருவதில்லை; ஐந்து மணிக்குக் காட்டுக்குள் இருக்க வேண்டியவருக்கு நான்கரை மணிக்குத் தேநீர் தருபவர் எழுந்தது எப்போது என்பதையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் மேலாக, உள்ளூர் ஆட்களே குறைந்து வருகிறார்கள். வால்பாறையின் மக்கள்தொகை 2001 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2011இல் எழுபதாயிரத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கியது. தோட்டக் கூலி கட்டுப்படியாகாமல் இளைஞர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்க வடமாநிலங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மணிமுத்தாறுக்கு மேலே உள்ள மாஞ்சோலையில் நிலைமை இன்னும் கடுமையானது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 8,373 ஏக்கர் நிலத்தின் காலம் 2028இல் முடிகிறது. 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மலையிறங்கும் நிலை வந்தது. அதே மலையில் உள்ள காக்காச்சியில்தான் ஆராய்ச்சியாளர்களான டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் 1990களில் மழைக்காட்டின் மேலடுக்கை ஆராய்ந்து, வெடிப்பலாவின் பூக்களை நாடி வரும் பாலூட்டிகளைப் பற்றி எழுதினார்கள். தேயிலை அகன்றால் அங்கே காடு திரும்ப வாய்ப்பு உண்டு. ஆனால் அது எப்படித் திரும்புகிறது என்று ஆண்டுதோறும் பார்த்து எழுத, அந்த மலையை அறிந்தவர்கள் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்த தலைமுறைக் களப்பணியாளர்களை இங்கேயே வேலைக்கு எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. மலையிறங்கிய தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆனைமலையின் காடர், காரையாறு பக்கத்துக் காணி ஆகிய பழங்குடி மக்களின் பிள்ளைகள் ஆகியோரில் விருப்பமுள்ளவர்களை நிலையான மாதச் சம்பளத்தில் சேர்த்து, இப்போதுள்ள மூத்த களப்பணியாளர்களோடு குறைந்தது இரண்டு மழைக்காலமாவது ஒன்றாக நடக்கவிட வேண்டும். ஒரே வேலைக்கு அந்த இரண்டாண்டும் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்; வழக்கமான ஆய்வுத் திட்டத்தின் வரவு செலவுத் தாளில் இதற்கென ஒரு தலைப்பு இன்று இல்லை.